கார்பன் மோனாக்சைடு அலாரம்: எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம், எங்கே அது கைகொடுக்காது

கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் ‘டிடெக்டர் மாட்டியாச்சு’ என்று சொன்னால், அதைக் கழற்றிப் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சமையலறைப் பிளக்கில் செருகி, பச்சை விளக்கு எரிய நிற்கும் அந்த வெள்ளை டப்பா பெரும்பாலும் எல்பிஜி கசிவுக்கான கருவி. எரியாமல் கசியும் கேஸைப் பிடிப்பதுதான் அதன் வேலை. கார்பன் மோனாக்சைடு வருவது கேஸ் எரியும்போது, அதுவும் காற்று போதாமல் எரியும்போது.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. காற்றில் எல்பிஜி ஏறத்தாழ 1.8 சதவீதம் கலந்தால்தான் தீப்பற்றும். அதில் பத்தில் ஒரு பங்கில் கத்தும்படி வைத்த டிடெக்டர்கூட 1,800 பிபிஎம்மில்தான், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,800 பங்கு கேஸ் சேர்ந்தால்தான், வாய் திறக்கும். கார்பன் மோனாக்சைடு 400 பிபிஎம் இருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலையைப் பிளக்கும், மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 1,600 பிபிஎம் என்றால் இருபது நிமிடத்தில் தலைசுற்றல், குமட்டல், ஒரு மணி நேரத்துக்குள் மரணம். எல்பிஜி டிடெக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பச்சை விளக்கோடு நிற்கும். புகை அலாரமும் அப்படித்தான். இந்த வாயுவுக்குப் புகையும் இல்லை, வாசனையும் இல்லை.

ஆகவே பெட்டியில் ‘கார்பன் மோனாக்சைடு’ என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதி இந்தியாவில் ஆன்லைனில் கிடைப்பதை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், ‘எல்லாம் ஒன்றில்’ வகை. எல்பிஜி, இயற்கை எரிவாயு, கார்பன் மோனாக்சைடு மூன்றையும் ஒரே பிளக்-டப்பா பிடிக்கும் என்பார்கள். உள்ளே ஒற்றை டின் ஆக்சைடு செமிகண்டக்டர் சென்சார் மட்டும் இருந்தால் வேண்டாம். அந்தச் சென்சாரைச் சூடாகவே வைத்திருக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால்தான் பிளக். கரண்ட் போனால் டப்பா செத்துவிடும். ஜெனரேட்டரை ஓட்டுவதே கரண்ட் போன நேரத்தில்தான் என்பதை யோசித்தால் இந்த வடிவமைப்பின் அபத்தம் புரியும். இன்னொரு சிக்கல் உயரம். எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அதன் டிடெக்டரைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுவார்கள். கார்பன் மோனாக்சைடின் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி 29. அது தரையில் படியாது. எரியும் சாதனத்திலிருந்து சூடாக வருவதால் முதலில் மேலே போகும், பிறகு அறை முழுக்கக் கலக்கும். ஒரே டப்பா ஒரே இடத்தில் இருந்து இரண்டு வேலையையும் சரியாகச் செய்ய வழியில்லை.

இரண்டாவது ரகம், பெயர் தெரியாத எல்சிடி டப்பா. ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். மூன்று ஏஏ பேட்டரி, நீல வெளிச்சத் திரை, பெரிய எழுத்தில் ‘000’. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிரச்சினை அந்த ‘000’தான். காற்று சுத்தமா, சென்சார் செத்துவிட்டதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் இதே மாதிரி ஆன்லைனில் விற்ற டப்பாக்களைச் சோதித்து, 400 பிபிஎம் வாயுவிலும் அவை கத்தவில்லை என்று சொல்லி, உடனே தூக்கிப் போடுங்கள் என எச்சரித்தது. சில டப்பாக்களில் ‘இஎன் 50291’ என்று ஐரோப்பியத் தரநிலை எண்ணைக்கூட அச்சிட்டிருக்கும். சான்றளித்த நிறுவனத்தின் முத்திரையும் சான்றிதழ் எண்ணும் சேர்ந்து இல்லாவிட்டால் அது வெறும் அச்சு மை.

மூன்றாவது ரகம்தான் வாங்க வேண்டியது. எலக்ட்ரோகெமிக்கல் (வேதிவினை மூலம் வாயுவை உணரும்) சென்சார், ஐரோப்பிய இஎன் 50291 அல்லது அமெரிக்க யுஎல் 2034 தரச்சான்று, பேட்டரியில் இயங்குவது. விலை சில ஆயிரம். இந்தச் சென்சாருக்குச் சூடு தேவையில்லை, மின்சாரமும் மிகக் குறைவாகத்தான் இழுக்கும். அதனால் ஆயுள் முழுக்க ஒரே பேட்டரியை உள்ளே வைத்து மூடியே விற்க முடிகிறது. ஹனிவெல் எக்ஸ்சி70-க்கு 7 ஆண்டு, எக்ஸ்சி100-க்கு 10 ஆண்டு. ஃபயர்ஏஞ்சல் சிஓ-9டி திரையோடு வருகிறது, அதற்கு 7 ஆண்டு. மூடிய பேட்டரி மாடல்களில் பெரிய லாபம் ஒன்று உண்டு: ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பேட்டரி தேவைப்படும்போது யாரும் இதிலிருந்து உருவிக்கொள்ள முடியாது.

வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். தயாரித்த தேதி என்ன? இறக்குமதிச் சரக்கு கிடங்கில் கிடந்தே ஒன்றிரண்டு ஆண்டு போயிருக்கலாம். டப்பாவின் பின்பக்கத்தில் ‘இந்த ஆண்டுக்குள் மாற்றுக’ என்று இருக்கும். 10 ஆண்டு மாடலில் 7 ஆண்டுதான் மிச்சம் என்றால் விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்பவர்களுக்கு: அங்கே பரவலாக விற்பதில் பிளக்கில் செருகும் மாடல்கள் பல 120 வோல்ட் மட்டுமே தாங்குபவை. நம் 230 வோல்ட்டில், மாற்று முனை போட்டுச் செருகினாலும் புகைந்துவிடும். பேட்டரி மாடல் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

எப்போது கத்தும்

இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வாயு வந்த நொடியே அலாரம் கத்தாது. அளவும் நேரமும் சேர்ந்தால்தான் கத்தும், ஏனென்றால் ரத்தத்தில் ஏறுவதும் அப்படித்தான். இஎன் 50291-ன்படி 30 பிபிஎம்மில் இரண்டு மணி நேரத்துக்கு முன் கத்தக்கூடாது. 50 பிபிஎம்மில் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 பிபிஎம்மில் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 பிபிஎம்மில் 3 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். யுஎல் 2034 கொஞ்சம் நிதானம்: 70 பிபிஎம்மில் 1 முதல் 4 மணி நேரம், 150-ல் 10 முதல் 50 நிமிடம், 400-ல் 4 முதல் 15 நிமிடம். இரண்டும் கையில் இருந்தால் இஎன் சான்றுள்ளதையே எடுங்கள். வயதானவர்கள், கர்ப்பிணி, இதய நோயாளி இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

திரை வேண்டுமா? உயிர் காக்க வேண்டியதில்லை. பல மாடல்களில் 30 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் திரை பூஜ்யம்தான் காட்டும். ஆனால் ‘பீக்’ நினைவகம் உள்ள மாடல் உபயோகமானது. பட்டனை அழுத்தினால் கடைசியாக அழித்ததிலிருந்து ஏறிய உச்ச அளவைக் காட்டும். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பாட்டி குளிக்கும்போது 60 வரை ஏறி, பிறகு தானாக இறங்கியிருந்தால் அலாரம் வாயே திறந்திருக்காது. பீக் எண் அதைக் காட்டிக்கொடுக்கும். அது வந்தால் கீசர் மெக்கானிக்கை அழைக்க வேண்டிய நேரம்.

எங்கே மாட்டுவது

எரியும் சாதனம் இருக்கும் அறையில் கூரையில் மாட்டினால் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி. சுவரில் மாட்டினால் கதவு, ஜன்னல்களின் மேல்விளிம்பைவிட உயரத்தில், ஆனால் கூரையிலிருந்து 15 செ.மீ.யாவது கீழே. சாதனத்திலிருந்து பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் இடைவெளி. அதற்கு நேர் மேலே மாட்டினால் அடுப்பைப் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் தேவையில்லாமல் கத்தும். படுக்கையறையில் தலையணை உயரம், அதாவது தூங்குபவர் மூச்சு விடும் மட்டம். பீரோ மேலேயும் திரைச்சீலைக்குப் பின்னாலும் வேண்டாம். ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடமும், ஜன்னல் ஓரமும் கூடாது.

ஒரே ஒரு அலாரத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் படுக்கையறை, அல்லது படுக்கையறைக் கதவுக்கு வெளியே. விழித்திருப்பவருக்குத் தலைவலி வந்தாவது சந்தேகம் தட்டும், தூங்குபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

குளியலறையில் இது உதவாது

இந்த விமர்சனத்தில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். அலாரத்தைக் குளியலறைக்குள் மாட்ட முடியாது. நீராவி சென்சாரைக் கெடுக்கும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். வெளியே மாட்டினால், மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது அதற்குத் தெரிய நேரமாகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் குளிப்பவர்.

கணக்கு போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரண கேஸ் கீசர் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ எல்பிஜி எரிக்கும். 1 கிலோ எல்பிஜி முழுசாக எரிய 12, 13 கனமீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி, ஒன்பது அடி உயரக் குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்று 9 கனமீட்டர். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, காற்று புகாமல் அடைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 18-க்கு இறங்க ஆறு நிமிடம் போதும். ஆறு நிமிடம் என்பது 18 லிட்டர் வாளி இரண்டு நிரம்பும் நேரம். ஆக்சிஜன் இப்படிக் குறையக் குறைய நீலச் சுடர் நீண்டு மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடு சட்டென்று ஏறத் தொடங்கும். நிஜக் குளியலறையில் எங்காவது கொஞ்சம் காற்று புகும், அதனால் நேரம் நீளும். ஆனால் அடுத்தடுத்து நாலு பேர் குளிக்கும் வீட்டில், கடைசியாகப் போகிறவருக்குக் கிடைப்பது முதல் மூன்று பேர் விட்டுவைத்த காற்று.

100 பிபிஎம்மில் அலாரம் 40 நிமிடம் வரை காத்திருக்கலாம் என்று தரநிலையே சொல்கிறது. குளியல் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அல்லது முடியாமலே போகும். குளியலறையில் மயங்கி விழுவது, வலிப்பு வருவது என்று மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்த இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்குக் ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காக்காய்வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய நிலைகூட வரலாம்.

எனவே குளியலறைக்கு அலாரத்தில் போடும் பணத்தைக் குழாயில் போடுங்கள். கீசரைத் திறந்த பால்கனிக்கோ சர்வீஸ் பக்கத்துக்கோ மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயும் ஒரு நாள் பிளம்பர் கூலியும்தான் செலவு. பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தால் அதுவும் அறைதான், அங்கே மாற்றியதால் பயனில்லை. உடனே மாற்ற முடியாதவர்கள், வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, பிறகு குளிக்கலாம். சொகுசு இல்லைதான். தாழ்ப்பாளையும் மாற்றிவிடுங்கள்: வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கும் பூட்டு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

‘எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே’ என்பார்கள். புகைப்போக்கிக் குழாய் இல்லாத கீசருக்கு, கதவின் அடியில் காற்று உள்ளே வர வழி இருந்தால், ஃபேன் உதவும். புகைப்போக்கி வைத்த கீசர் இருக்கும் அறையில் அதே ஃபேன் வில்லனாகிவிடும். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். மற்ற வழியெல்லாம் அடைத்திருந்தால் புகைப்போக்கி வழியாகவே வரும், கூடவே புகையையும் இழுத்துவரும். சமையலறைச் சிம்னியை முழு வேகத்தில் ஓட்டி ஜன்னலைச் சாத்தினாலும் இதே கதைதான்.

அலாரம் தன் விலையை மீட்டுத் தரும் இடங்கள்

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ அறைக்குள் வைத்துத் தூங்குவது. சுடர் அணைந்து, புகை நின்று, கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். ‘புகைதான் நின்னுடுச்சே’ என்று உள்ளே கொண்டுவருவது அந்த நேரத்தில்தான். மலைக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒரு சின்ன பேட்டரி அலாரத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கேரவன், கூடாரத்துக்கு என்றால் இஎன் 50291-2 சான்று இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று ஜெனரேட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் சின்ன பெட்ரோல் ஜென்செட்டைப் பால்கனியிலோ படிக்கட்டடியிலோ ஓட்டுவார்கள். ஜன்னல், கதவிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு ஜென்செட்டைச் சரியாக வைத்திருந்தாலும் கீழ்வீட்டுக்காரர் வைத்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. அதற்குத்தான் அலாரம்.

காரணமில்லாமல் கத்தினால்

முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்து, பேட்டரி முழு வேகத்தில் ஏறும்போது அலாரம் கத்தினால் இதைச் சந்தேகிக்கலாம். அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது, அது தனி ஆபத்து. ஆனால் வீட்டில் ஏதாவது எரிந்துகொண்டிருக்கும்போது கத்தினால் ‘இன்வெர்ட்டராக இருக்கும்’ என்று உட்காரக்கூடாது. முதலில் வெளியே வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். பெயின்ட் தின்னர், சானிடைசர், ஸ்ப்ரே வகைகளும் சென்சாரைக் குழப்பும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வாரத்தில் அலாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

டெஸ்ட் பட்டன் சோதிப்பது ஹாரனையும் மின்சுற்றையும் மட்டும்தான், வாயுவை முகரும் திறனை அல்ல. மாதம் ஒருமுறை அழுத்துங்கள், அவ்வளவுதான். சந்தேகத்துக்குரிய பழைய டப்பா என்றால் ஒரு வீட்டுச் சோதனை உண்டு. 20 லிட்டர் எவர்சில்வர் அண்டாவைப் பால்கனிக்குக் கொண்டுபோய், அலாரத்தை உள்ளே வைத்து, ஒரு அங்குல ஊதுபத்தித் துண்டை மணல் கிண்ணத்தில் குத்திப் பற்றவைத்து மூடியைப் போடுங்கள். உயிருள்ள சென்சார் சில நிமிடங்களில் கத்த வேண்டும், திரை இருந்தால் எண் ஏற வேண்டும். கத்தினால் சென்சார் சாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், அளவு சரி என்று அர்த்தமில்லை. பைக் சைலன்சரில் நீட்டிப் பார்க்காதீர்கள், அவ்வளவு வாயுவில் நல்ல சென்சாரும் கெட்டுவிடும்.

நிஜமாகவே கத்தினால்

அடுப்பு, கீசர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணைத்து, போகும் வழியில் கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே. தலையை எண்ணுங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல், தடுமாற்றம் இருந்தால் 108. வீட்டில் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, காய்ச்சல் இல்லை, வெளியே வந்தால் குறைகிறது என்றால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று தள்ளாதீர்கள்.

கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்து ‘98 இருக்கு, ஒண்ணுமில்லை’ என்று திருப்திப்பட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் ஆக்ஸிமீட்டர் அதை ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். மருத்துவரிடம் ‘வீட்டில் கேஸ் கீசர் ஓடியது, கார்பாக்சிஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினுக்குத்தான் அந்தப் பெயர். சாதாரணக் காற்றில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும், முகமூடியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். தாமதிக்காமல் கூட்டிப்போவது அதற்காகத்தான்.

வாயு வந்துவிட்டது என்னும் ஒலிக்கும், அலாரமே ஆயுள் முடிந்து சாகிறது என்னும் ஒலிக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். பல மாடல்களில் நான்கு தொடர் பீப், சிறு இடைவெளி, மறுபடி நான்கு என்றால் வாயு. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரே ஒரு ‘கீச்’ என்றால் பேட்டரியோ சென்சாரோ ஆயுள் முடிந்தது. பின்பக்கம் அச்சடித்த ஆண்டை மாட்டிய பிறகு யாரும் பார்ப்பதில்லை. மாட்டும் முன்பே அழியாத மார்க்கரால் முன்பக்கத்தில் எழுதிவிடுங்கள், ‘2033-ல் மாற்றவும்’ என்று.